கோதண்டபாணி பேக்கரியின் நாக்கு

விருத்தாசலத்தில் யாராவது பந்தி போட்டால், ராணி எந்த வரிசையில் உட்காருகிறாள் என்று முதலில் பார்த்துக்கொள்வார்கள். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தால் தூக்கல் என்பாள். பாயசம் அடிப்பிடித்திருந்தால், சம்பந்தி வீட்டார் பக்கத்து இலையில் இருந்தாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் வைப்பாள். அவள் நாக்கில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும் என்று சமையல்காரர்கள் கறுவுவார்கள். அவள் பிறவியிலேயே துடுக்குக்காரி என்றுதான் ஊரே நினைக்கிறது. ஊருக்கு என்ன தெரியும்? சொல்ல வேண்டிய ஒரே ஒரு இடத்தில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டவள் அவள். அந்தக் குறைக்குத்தான் இப்போது ஊர்ப்பந்தி எல்லாம் உட்கார்ந்து வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

எண்பத்தெட்டாம் வருஷத்தில் தொடங்கிய கதை இது. ராணிக்கு அப்போது ஒரு செராமிக் கம்பெனியில் கப்புக்குப் பிடி ஒட்டுகிற வேலை. புருஷன் சிங்காரவேல் அதே கம்பெனியில் சூளைக்குச் சாமான் அடுக்குகிறவன். பரம்பரையாகச் சட்டி பானை செய்த குடும்பம்தான். சக்கரத்தை விட்டுவிட்டுச் சம்பளத்துக்கு வந்தவர்கள். மகள் வெண்மதிக்குப் பிறந்தநாள் என்று ஜங்ஷன் ரோட்டு பேக்கரியில் ஆளுக்கு ஒரு துண்டு கேக் வாங்கிப் போனாள். குழந்தை ஒரு கடி கடித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டது. ராணி மிச்சத்தைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு திரும்பக் கடைக்கே வந்தாள்.

"இன்னாங்க இது, முட்ட வாட கொடலப் பொரட்டுது? கொழந்தைங்க எப்படித் துன்னும்?"

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். வேறு முதலாளியாக இருந்தால், அந்த நாலு பேருக்காகவாவது அவளை விரட்டியிருப்பார். கோதண்டபாணி விரட்டவில்லை. பொட்டலத்தைத் தொடாமல் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரொம்ப வாடையாம்மா, கொஞ்சமா?" என்று கேட்டார். நக்கல் பண்ணுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நக்கல் இல்லை. அந்த மனிதர் நிலைமை அப்படி. சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம். கழுத்தில் துளசிமணி மாலை போட்டவர். முட்டையைக் கையால்கூடத் தொடுவதில்லை. பேக்கரி அவருடைய மைத்துனன் ஆரம்பித்தது. 'நியூ பம்பாய் பேக்கரி' என்று போர்டு மாட்டியவனும் அவன்தான். பம்பாயை அவனும் பார்த்ததில்லை, இவரும் பார்த்ததில்லை. ஒரு வருஷத்தில் மைத்துனன் துபாய்க்கு விமானம் ஏறிவிட, அக்காள் புருஷன் தலையில் கடை விழுந்தது. ஆக, விருத்தாசலத்துக்கே கேக் விற்ற மனிதருக்குத் தன் கேக் இனிக்குமா கசக்குமா என்று தெரியாது. அடுப்படியில் இருந்த ராஜாங்கம் மாஸ்டருக்குக் கை நல்ல கை; ஆனால் வாயில் எந்நேரமும் புகையிலை. சீனிக்கும் மணலுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு அவர் நாக்கு மரத்துப் போயிருந்தது.

"மொகத்துக்கு நேரா சொன்ன மொத ஆளு நீதாம்மா. மத்தவங்கல்லாம் சொல்லாம கொள்ளாம வேற கடைக்குப் போயிடறாங்க. வேல வுட்டுப் போம்போது தெனம் இப்படி வந்து ஒரு வாய் பாத்து சொல்லிட்டுப் போறியா?" என்றார் கோதண்டபாணி.

கரும்பு தின்னக் கூலி வேறு என்று கம்பெனியில் ராணியைக் கேலி செய்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிடி ஒட்டும் தனக்கோடிதான் அவளுக்குப் 'பேக்கரி நாக்கு' என்று பெயர் வைத்தாள். ராணி கண்டுகொள்ளவில்லை. சாயந்திரம் சங்கு ஊதியதும் கையில் களிமண் காய்ந்திருக்க நேரே கடைக்கு வருவாள். கம்பெனியில் விளிம்பு உடைந்து கழித்துப் போட்ட சாசர் ஒன்றை அவளே கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அதில்தான் அன்றைய சரக்கு காத்திருக்கும். தேன் சொட்டும் கேக், மேலே தேங்காய்ப்பூ தூவியது, ஜாம் தடவிச் சுருட்டிய ரோல், வெண்ணெய் பிஸ்கட், வெள்ளிக்கிழமை என்றால் க்ரீம் பன். அவள் தின்னும்போது கோதண்டபாணி ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பெண்பிள்ளை தின்பதைப் பார்த்தால் கண்ணேறு படும் என்பது ஒரு காரணம். முட்டைச் சரக்கு வாய்க்குள் போவதைப் பார்க்க அவருக்குச் சங்கடம் என்பது இன்னொன்று. மென்று விழுங்கித் தண்ணீர் குடித்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்புவார்.

"எப்படி இருக்குது?"

ராணி புட்டுப்புட்டு வைப்பாள். ஜாம் புளிக்குது. பிஸ்கட்டு வாய்ல போட்டா கரையணும், இது மல்லுக்கு நிக்குது. கேக்கு நடுவுல ஈரம், அடுப்பு காயல. அவள் சொல்லச் சொல்ல முதலாளி உள்ளே திரும்பி மாஸ்டருக்குச் சொல்வார். மாஸ்டரும் கோபப்படாமல், "நாளைக்குப் பாரு தங்கச்சி" என்பார். மறுநாள் உண்மையிலேயே சரியாகியிருக்கும். இரண்டே வருஷத்தில் கடை எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. மாசிமகக் கூட்டத்துக்குக் காலையிலேயே பெட்டி காலியாகும். பிறந்தநாள் என்றால் வேப்பூரிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். கேக்கின் மேல் ஆங்கிலத்தில் பெயர் எழுத, பள்ளிக்கூடத்துப் பையன் எவனையாவது பிடித்து ராஜாங்கம் மாஸ்டர் எழுதி வாங்கிக்கொள்வார். ஒருநாள் சந்தோஷத்தில், "நான் பேருக்குத்தான் மொதலாளி. கட ராணி நாக்குல நிக்குது" என்று கோதண்டபாணி வாய்விட்டே சொன்னார். ராணிக்குப் பெருமை தாங்கவில்லை. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் யாரும் அவளிடம் இப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

தொண்ணூற்றொன்றில் கம்பெனியை மூடினார்கள். சூளைக்கு எரிக்கிற எண்ணெய் விலை, சம்பளத் தகராறு என்று பல காரணம் சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை என்பது எவ்வளவு ஆபத்து என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் உலை வைக்க வழியில்லை. ராணி வாயைத் திறந்து யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் ருசி பார்க்க வந்தவள் சாசரில் இருந்ததில் ஒரு விள்ளல் மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை முந்தானையில் முடிவதைத் திரும்பும்போது கோதண்டபாணி கவனித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் கிளம்பும்போது ஒரு முழு ரொட்டியும் பன்னும் கட்டித் தயாராக இருக்கும். கம்பெனி மறுபடி திறக்கிற வரைக்கும் அந்தக் குடும்பம் பசியாறியது அந்த ரொட்டியில்தான். கொடுத்ததை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை.

வினை அங்கேதான் புகுந்தது.

ராணி சிறுமியாக இருந்தபோது பக்கத்து வீட்டில் கொடுத்த கூழைக் குடித்துவிட்டு, "பொகையடிக்குது" என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா அந்த இடத்திலேயே வாயில் அடித்தாள். "தின்ன சோத்தக் கொற சொல்றவளுக்கு மறுவேள சோறு கெடைக்காதுடி" என்று அன்றைக்கு விழுந்த வார்த்தை உடம்போடு ஒட்டிக்கொண்டது. காசு கொடுத்து வாங்கியதைக் குறை சொல்லலாம்; அது வியாபாரம். பசிக்குப் போட்ட கையைக் குறை சொல்லலாமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றுதானே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கம்பெனி திறந்து, ராணி மறுபடி பிடி ஒட்ட ஆரம்பித்த பிறகும், அந்தச் சாசர் முன்னால் உட்கார்ந்தால் நாக்கு எழவில்லை. ஜாம் புளித்தால், "இன்னைக்கு ஜாமு நல்லா ஒறப்பா இருக்குதுங்க" என்று சுற்றி வளைத்தாள். பிறகு அதுவும் நின்றது. எதைக் கொடுத்தாலும், "நல்லாருக்குதுங்க" என்ற ஒரே பதில். உண்மையைச் சொன்னாள் என்பதற்காகக் கூப்பிட்டு உட்கார வைத்த மனிதர், சோறு போட்டே அந்த உண்மையை வாயடைக்க வைத்துவிட்டார். பாவம், அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்த ஒருத்தியும் அதைச் சொல்லவில்லை.

தொண்ணூற்று மூன்றில் ராஜாங்கம் மாஸ்டருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் எதையும் கை அளவில்தான் போடுவார், ஆப்பசோடாவும் அப்படித்தான். விரலிடுக்கில் எடுத்தது நடுக்கத்தில் கூடுதலாக விழ, கேக்கில் சவுக்காரம் நக்கிய மாதிரி ஒரு கசப்பு தட்டியது. வேடிக்கை என்னவென்றால், சோடா கூடினதால் கேக் முன்னைவிட உயரமாக எழும்பி, செக்கச்செவேல் என்று சிவந்து நின்றது. கண்ணால் மட்டும் பார்க்கிற கோதண்டபாணிக்கு ஒரே பூரிப்பு.

"பாத்தியா ராணி, மாஸ்டரு கையில என்னா எழும்பு எழும்புதுன்னு. எப்படி இருக்குது?"

அடுப்படி வாசலில் ராஜாங்கம் மாஸ்டர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி நின்றார். பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாத மனிதர்; மாவு மூட்டைக்குப் பக்கத்தில்தான் படுக்கை. குறை என்று சொன்னால், இந்த வயதில் அவர் எங்கே போவார் என்று ராணி பயந்தாள்.

"நல்லாருக்குதுங்க" என்றாள்.

வாடிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக இரண்டு கடை வந்திருப்பதுதான் காரணம் என்று கோதண்டபாணி நினைத்தார். ராணிக்குக் காரணம் தெரியும். தெரிந்து தினமும் அந்தக் கசப்பை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஏதாவது செய்ய வேண்டுமே என்று அரித்தது. செய்தாள், அதுதான் கொடுமை. தை மாதம் கம்பெனியில் ஆண்டு விழா. வேலை பார்க்கிற எல்லோருக்கும் கேக் கொடுக்கலாம் என்று மேனேஜர் பிரேம்நாத் சொன்னபோது, "எங்க பேக்கரி மொதலாளி கடையில சொல்லுங்க சார்" என்று ராணி முன்னால் போய் நின்றாள். பெரிய ஆர்டர் கிடைத்தால் கடை நிமிர்ந்துவிடும் என்று நம்பினாள். நன்றிக்கடன் தீர்க்கிற ஆவேசத்தில், தானே அவரைக் கொண்டுபோய்ச் சந்தியில் நிறுத்துகிறோம் என்று அவளுக்கு உறைக்கவில்லை.

விழாவுக்கு முந்தின சாயந்திரம் சாசரில் ஒரு துண்டு வைத்தார்கள். ராஜாங்கம் மாஸ்டர் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே மேஜை மேல், கப்பும் சாசருமாகவே ஒரு பெரிய கேக். பிடிகூட அச்சாக ராணி ஒட்டுகிற பிடி மாதிரியே செய்திருந்தார் மனுஷன். ராணி வாயில் போட்டாள். நாக்கு சுருண்டது. அத்தனை நாள் தின்றதிலேயே மோசமானது அன்றைய துண்டுதான்.

கோதண்டபாணி ரோட்டிலிருந்து திரும்பினார். அன்றைக்கு வழக்கம்போல் ஒரு தடவை கேட்டு அவர் விடவில்லை.

"நெசமா சொல்லும்மா. பெரிய எடத்து வேல. ஒரு கொற இருந்தாலும் சொல்லிடு. ராவோட ராவா வேற போட்டுக்கலாம். மாவு இருக்குது, நேரம் இருக்குது."

இதைவிட ஒரு மனிதர் எப்படிக் கேட்பார்? ராணி மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள். சாசரைப் பார்த்தாள்.

"ஒரு கொறையும் இல்லிங்க, மொதலாளி."

மறுநாள் கம்பெனி வளாகத்தில் ஷாமியானா, மைக் செட்டு, பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று சக்கர வண்டியில் கேக்கை ஏற்றி, பக்கத்திலேயே நடந்து வந்தார் கோதண்டபாணி. கப் கேக்கைப் பார்த்ததும் கூட்டம் கை தட்டியது. வெட்டி, காகிதத் தட்டில் வைத்து வரிசையாகக் கொடுத்தார்கள். முதலில் தனக்கோடிதான் ராணியின் விலாவில் இடித்தாள். "இன்னாடி இது, கேக்கா சோப்புக் கட்டியா?" மேனேஜர் பிரேம்நாத் ஒரு விள்ளலோடு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். முகத்துக்கு நேரே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு அந்த மரியாதை உண்டு. நாசூக்காகத் தட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, மேடையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள்.

கும்பிட்ட கையோடு ஷாமியானா ஓரத்தில் நின்றிருந்த கோதண்டபாணி, கூட்டம் கலைந்த பிறகு நாற்காலிகளுக்கு அடியில் பார்த்தார். கடித்த துண்டுகள், வரிசை வரிசையாக. குனிந்து, யாரும் கடிக்காத ஒரு துண்டாகத் தேடி எடுத்தார். என்ன செய்யப் போகிறார் என்று ராணிக்குப் புரிவதற்குள் அதை வாயில் போட்டுவிட்டார். பிறந்ததிலிருந்து முட்டை படாத வாய். துளசிமணி மாலை கழுத்தில் அசைய, கண்ணை மூடி மெதுவாக மென்றார். துப்பவில்லை, விழுங்கினார். பிறகு கண்ணைத் திறந்து, கூட்டிப் பெருக்க வந்த பெண்களோடு நின்ற ராணியைப் பார்த்தார்.

"இதையாம்மா நல்லாருக்குதுன்ன?" என்றார்.

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கேட்கும்போது அவர் குரலில் கோபமே இல்லை.

அன்றைக்கே கெட்ட பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு நாள் கழித்து ராணி மனதைக் கல்லாக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். கல்லா மேல் சாசர் இல்லை. பெருமாள் படத்தில் துளசிமணி மாலை தொங்கியது; அவர் கழுத்து வெறுமையாக இருந்தது. அடுப்படியில் ராஜாங்கம் மாஸ்டரைக் காணோம். யாரும் எதுவும் சொல்லாமலே, மிஞ்சித் திரும்பி வந்த கேக்கைப் பார்த்துப் புரிந்துகொண்டு, துணிப்பையோடு ஜங்ஷனில் ஏதோ ரயில் ஏறிவிட்டாராம். யாருக்காகப் பொய் சொன்னாளோ அவரும் போய்விட்டார்.

"மொதலாளி, மாஸ்டர நெறுத்திடுவீங்களோன்னுதான் சொல்லாம வுட்டுட்டன். அவருக்குக் கை நடுங்குது. சோடா கூட வுழுது..." என்றாள் ராணி.

"கை நடுங்குறது எனக்குத் தெரியாதாம்மா? தெனம் பாக்குறன். சோடாவுல தப்பு வருதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அளக்க ஒரு ஸ்பூனு வாங்கிக் குடுத்திருப்பன். அவ்ளோதான் வேல."

ஒரு ஸ்பூன். ராணி வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள். அடுப்படியில் மாட்டியிருந்த கரண்டியைப் பார்த்து மறுபடி அழுதாள்.

அந்த வருஷமே கடையை எடுத்துவிட்டு, கோதண்டபாணி சேத்தியாத்தோப்புக்கே போய்ச் சேர்ந்தார். இடத்தில் எஸ்.டி.டி. பூத் வந்தது. ராணி பந்திகளில் வாயைத் திறக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சொந்தக்காரர் வீடு, முதலாளி வீடு என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. சொல்லாமல் விட்டால் அந்தச் சவுக்காரக் கசப்பு தொண்டையில் ஏறி வந்து நின்றது.

தொண்ணூற்றெட்டில் ஒரு கல்யாணத்துக்காகச் சேத்தியாத்தோப்புப் போனவள், விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தாள். கோதண்டபாணி மெலிந்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், "வாம்மா, வூட்ல எல்லாம் சௌக்கியமா?" என்றார். வெண்மதியின் படிப்பை விசாரித்தார். மகள் கயல்விழியைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார்.

முதல் வாயிலேயே ராணிக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் சர்க்கரை போட மறந்திருந்தாள். கோதண்டபாணி பழைய பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்ற இடங்களில் எல்லாம் கேட்காமலே சொல்லிப் பழகிய வாய்தான் ராணிக்கு. ஆனால் இங்கே அவர் கேட்க வேண்டும் என்று இருந்தது. எப்படி இருக்குது என்று கேட்டுவிட்டால், இன்னும் அவள் நாக்கை நம்புகிறார் என்று அர்த்தம். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, அவருக்கு நேரம் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு மடக்காகக் குடித்தாள். டம்ளர் காலியானது. அவர் திரும்பினார்.

"விருத்தாசலம் பஸ்ஸு இப்ப ஒண்ணு இருக்குது. இத வுட்டா நேரமாவும்" என்றார்.

"சரிங்க. போயிட்டு வரேன்" என்று எழுந்தாள்.

படலைச் சாத்தும்போது உள்ளேயிருந்து கயல்விழியின் குரல் கேட்டது. "ஐயோ அப்பா, அவங்க காப்பியில சக்கரையே போடல நானு. முழுசையும் குடிச்சிட்டுப் போறாங்க, ஒண்ணுமே சொல்லலியே."

"அவங்க சொல்ல மாட்டாங்கம்மா" என்றார் கோதண்டபாணி.

ராணி படலில் கை வைத்தபடி நின்றாள். பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டதும் ரோட்டை நோக்கி நடந்தாள்.